தோசைக்கல் முன் ஒரு பெயர்ச் சிதைவு

அகிலஜோதி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குக் குறை ஒன்றும் இல்லாததுதான் பெரிய குறையாகப் போய்விட்டது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை விளைந்த நிலத்தில் எழும்பி நிற்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதினோரு நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை நம்மூர் வாய்கள் கடித்துக் குதறிவிடக் கூடாதே என்று போன வருஷம் 'பன்னாட்டுப் பெயர் மாண்பு மையம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். வாசலில் புகார்ப் பெட்டி வைத்தார்கள். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று அதற்கு நேர் மேலே ஒரு கேமராவும் மாட்டினார்கள். எட்டு மாதம் கழித்துப் பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு மிட்டாய்க் காகிதம், யாரோ அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்த பஸ் டிக்கெட், 'சாம்பாரில் பருப்பு போடவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து தர ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வந்த புகார்கள் எத்தனை, தீர்த்த புகார்கள் எத்தனை. முதல் கட்டத்தில் சைபர் என்றால் இரண்டாவதிலும் சைபர்தானே? "ஒரு புகார்கூட இல்லாத மையம் தூங்குகிற மையம்" என்று பதிவாளர் டாக்டர் அன்புச்செல்வன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மைய இயக்குநர் டாக்டர் காந்திமதிக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் வளாகம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பெண்கள் விடுதி மெஸ்ஸுக்குள் நுழைந்தார். அங்கே மாட்டினாள் பூமாலை.

பூமாலை பக்கத்து அனந்தபுரத்துக்காரி. பதினோரு வருஷமாக அந்த மெஸ்ஸில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டுகிறவள். அங்கே டோக்கன், சீட்டு என்று எதுவும் கிடையாது. பெண்கள் வந்து என்ன தோசை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். தோசை வெந்ததும் பூமாலை பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு சாயங்காலத்துக்கு இருநூறு பெயர், அத்தனையும் மனப்பாடம். கொல்லையில் நின்றபடியே ரோட்டில் போகிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். எந்தப் பெயரும் அவள் வாய்க்குள் போய் முழுசாக வெளியே வந்ததில்லை, அது வேறு விஷயம். அஸ்வினி 'அச்சினி' ஆனாள். பானுப்ரியா 'பானுபிரி' ஆனாள். உகாண்டாவிலிருந்து மருந்தியல் படிக்க வந்த நியாங்கோமா 'நாகம்மா' ஆனாள். உள்ளூர் அச்சினிக்காக யாரும் வருத்தப்படப் படிவத்தில் கட்டம் இல்லை. நாகம்மாவுக்கு இருந்தது.

மறுநாள் காலை சட்னிக்கு மல்லாட்டை வறுத்துக்கொண்டிருந்தவளிடம் அலுவலக எழுத்தர் தேவா வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். அவளுக்குத் தம்பி முறை.

"இன்னாடா இது?"

"மெமோ யக்கா. பெயர்ச் சிதைவுக் குற்றச்சாட்டு. ஏழு நாளுக்குள்ள வெளக்கம் குடுக்கணும்."

"நான் இன்னாத்தடா சிதைச்சேன்? என் கல்லுல ஒரு தோசைகூட கிழிஞ்சது கெடையாது."

"அந்த உகாண்டா பொண்ணு பேர. தொடர்ந்து, தெரிந்தே, பலர் முன்னிலையில் சிதைத்தீர்னு போட்டுக்கீது."

"அய்யய்யோ! அந்தப் பொண்ணா புகார் குடுத்துச்சு?"

"அது எங்க குடுத்துச்சு? மேடமே எழுதி, மேடமே பொட்டியில போட்டு, மேடமே தொறந்து எடுத்தாங்க. காமிராவுல எல்லாம் பதிவாகிக் கீது."

பூமாலை வறுப்பதை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தையே பார்த்தாள். காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் ஒப்பந்தத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூன் மாதம் மனசிருந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள். பதினோரு ஜூன் மாதம் அவள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, ஒட்டிய பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். இந்த வருஷம்தான் நிரந்தரம் ஆக்குவதற்கு எட்டுப் பேர் பட்டியல் போட்டிருந்தார்கள். அவள் பெயர் நான்காவது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இந்த நேரத்தில் மெமோ வந்தால் எந்த மகராசன் கையெழுத்துப் போடுவான்? நினைத்துக்கொண்டே நின்றதில் மல்லாட்டை கருகிப்போயிற்று. அன்றைக்குச் சட்னி கசந்தது.

ஏழாம் நாள் விசாரணை. பதிவாளர் அறையில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூவரில் ஒருவரும் மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பூமாலை முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டிருந்தது.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "தோசையம்மா, ஒருவருடைய பெயர் என்பது அவருடைய உயிர். பெயரை மதிக்காதவர் மனிதரையே மதிக்காதவர். புரிகிறதா தோசையம்மா?"

"என் பேரு பூமாலை சார்."

"அது இருக்கட்டும். இங்கே பெயரைப் பற்றி முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்."

காந்திமதி கோப்பைப் பிரித்து, பெயர்ச் சிதைவால் உலக நாடுகளுக்கு இடையே ஏற்படக்கூடிய விளைவுகளைப் பத்து நிமிஷம் படித்தார். கடைசியில், குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

"தப்புன்னா மன்னிச்சிடுங்கம்மா. நான் எட்டாவதுதான் படிச்சிக்கிறேன். அந்தப் பொண்ணு பேர நீங்க ஒருவாட்டி சரியா சொல்லிக் குடுத்தீங்கன்னா, கத்துக்கினு போயிடுறேன். இனிமே அப்படியே கூப்புடுறேன்."

பதிவாளர் காந்திமதியைப் பார்த்தார். காந்திமதி மூன்றாவது டாக்டரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாருங்கள்," என்றார் பதிவாளர். "நாங்களும் இன்னும் பயிற்சி முடிக்கவில்லை. தவறிச் சொல்லிவிட்டால் எங்கள் மீதே புகார் பதிவாகும். ஆகவே இந்தக் கோப்பு முழுவதும் அவரை 'மாணவி அ' என்றே குறிப்பிட்டிருக்கிறோம். பெயரைச் சிதைக்காமல் இருப்பதற்கு ஆகச் சிறந்த வழி, பெயரைச் சொல்லாமலே இருப்பது."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உடனே குறித்துக்கொள்ளச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. உச்சரிப்புச் சான்றிதழ் பெறாத எவரும் அயல்நாட்டு மாணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எண் மட்டுமே சொல்ல வேண்டும். மீறினால் நடவடிக்கை.

சான்றிதழுக்கு என்று விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் மண்டபத்தைப் பிடித்து ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். காவலாளி, டிரைவர், தோட்டக்காரர், மெஸ் பெண்கள் என்று நாற்பது பேரைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெங்களூருவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, நாக்கை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். நம் நாக்கை நாம் அறிந்தால்தான் பிறர் பெயரை அறிய முடியுமாம். நாற்பது பேர் ஒரு மணி நேரம் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டல் பையன் சாம்பார் வாளியோடு உள்ளே வந்து மிரண்டுபோய்த் திரும்பி ஓடினான். காவலாளி முருகையன் நாக்கு காய்ந்துபோய்த் தண்ணீர் கேட்டார். இப்போது நாக்கை உள்ளே இழுத்தால் பயிற்சி முறிந்துவிடும் என்று தடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பூமாலை பொறுக்க முடியாமல் எழுந்து கேட்டாள். "சார், எப்ப சார் பேரு சொல்லிக் குடுப்பீங்க?"

"இது முதல் கட்டம், மனப்பக்குவம்," என்றார் பயிற்சியாளர். "பெயர்கள் மூன்றாம் கட்டத்தில் வரும். அதற்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை. மூன்றும் முடித்தால்தான் சான்றிதழ்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. பேசுவதற்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை.

மெஸ்ஸில் எண் நாட்டாமை ஆரம்பமாயிற்று. அயல்நாட்டுப் பெண்கள் ஐம்பது பேருக்கும் எண். "பதிமூணு! வெங்காய தோசை!" என்று பூமாலை கத்துவாள். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். தன் எண் பதிமூன்று என்று சாப்பாட்டு நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பதிமூன்றின் தோசையை முப்பத்தொன்று எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்தொன்றின் ஊத்தப்பம் ஆறிப்போய்த் திரும்பி வந்தது. ஒரே பேஜாரு. பூமாலைக்குக் கல்லின் முன் நிற்கவே முடியவில்லை. தோசையைத் திருப்புவாள், எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் திருப்புவாள்.

"நாப்பத்தேழு! நெய் ரோஸ்ட்டு!"

நாற்பத்தேழு எழுந்து வந்தாள். உயரமான பெண். ரெண்டு வருஷமாக இதே மெஸ்ஸில் நின்று தமிழ் கற்றுக்கொண்டவள். தட்டைத் தொடவில்லை.

"பூமாலம்மா, நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் நம்பர் சொல்லிக் கூப்புடுறீங்க? ஜெயில் மாரி கீதும்மா."

பூமாலை அடுப்பைத் தணித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மெமோ, விசாரணை, நீட்டிய நாக்கு, ஒன்று விடாமல்.

"ஏம்மா, நான் தப்பா கூப்ட்டது உனக்குக் கோவமா?"

நியாங்கோமா தோசைக்கல்லைப் பார்த்தாள். "மொதல்ல கோவம் வந்துச்சு. மூணு வாட்டி சரியா சொல்லிக் குடுத்தேன். நீங்க தோசை திருப்பிக்கினு இருந்தீங்க."

"அட பாவி மவளே, கைய புடிச்சு இழுத்து சொல்றதில்ல?"

"அப்புறம் விட்டுட்டேன். ஆபீஸ்ல இன்னா பண்ணாங்க தெரியுமா? மொத நாளே அந்த மேடம், 'உன் பேரு ரொம்ப கஷ்டம், இனிமே நீ ஜூலி'ன்னு சொல்லிட்டாங்க. ஒருவாட்டிகூட ட்ரை பண்ணல. அன்னிக்கு ரூமுக்குப் போய் அழுதேன். நீங்க டெய்லி தப்பா சொல்றீங்க. ஆனா டெய்லி சொல்றீங்க."

"எந்த மேடம்? காந்திமதி மேடமா?"

"அவங்கதான்."

பூமாலை கரண்டியை வைத்தாள். "சரி, இப்ப சொல்லு. நான் எதையும் திருப்பல."

அந்தப் பெண் சொன்னாள். பூமாலை திருப்பிச் சொன்னாள். தப்பு. மறுபடியும் சொன்னாள். அதுவும் தப்பு. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பசியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். எட்டாவது தடவை பக்கத்தில் வந்துவிட்டது.

"அர்த்தம் இன்னாம்மா?"

"ரெட்டைப் பொண்ணு பொறந்தா மூத்தவளுக்கு எங்க ஊர்ல இந்தப் பேரு வைப்பாங்க. சின்னவ நியாகாத்தோ, வீட்ல இருக்கா. என் பேர சொன்னா, கூட ஒருத்தி இருக்கான்னு கேக்கறவங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் நாகம்மான்னு கூப்புடறப்ப, அந்தத் தங்கச்சி இல்லாம பூடுறாளா?"

"ஆமாம்மா."

அன்றிலிருந்து பூமாலைக்கு அதே வேலையாகப் போயிற்று. மாவு கரைக்கும்போது நியாங்கோமா, வெங்காயம் அரியும்போது நியாங்கோமா, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நியாங்கோமா. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் இது எந்தச் சாமியின் மந்திரம் என்று கேட்டுவிட்டுத் தானும் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பத்தாவது நாள் பூமாலை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பெண்ணின் காதருகே சொன்னாள். அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாவு அவள் சட்டையெல்லாம் ஒட்டியது.

ஆய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேவா மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"யக்கா, உனக்கு யோகம்! நீ பேரு கத்துக்கினத ஆபீஸ்ல சொன்னேன், சான்றிதழ் அன்னிக்கு வேணாமாம். மேடையில செயல்விளக்கமாம். மொதல்ல நீ அந்தப் பேர தப்பா சொல்லணும். அதான் 'முன்'. அப்புறம் பதிவாளர் பயிற்சியப் பத்திப் பேசுவாரு. அப்புறம் நீ சரியா சொல்லணும். அது 'பின்'. புகார் தீந்துச்சுன்னு எழுதிப்பாங்க. அங்கியே, மேடையிலியே உன் பர்மனென்ட் ஆர்டர குடுத்துடுவாங்க. கையெழுத்தாயிடுச்சு, நானே பாத்தேன்."

"தப்பா சொல்லணுமா?"

"ஒருவாட்டி யக்கா. ரெண்டு வருஷமா சொன்னியே, இன்னும் ஒருவாட்டி சொல்றதுக்கு இன்னா?"

அதுவும் சரிதான். பூமாலை தலையாட்டினாள். பதினோரு ஜூன் மாத வெயில் அவள் தலையில் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் நியாங்கோமாவிடம் போய் அனுமதி கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். "சொல்லுங்கம்மா. உங்க வேலை முக்கியம். தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஆய்வு நாள். குழுத் தலைவர் நாகாலாந்துக்காரர். அவர் பெயரைப் பேனரில் போட ஒருவருக்கும் துணிவில்லை. 'தலைவர் அவர்களே வருக' என்று மட்டும் முப்பதடியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மனிதர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒரு பக்கம் புதுப் புடவையில் பூமாலை. எதிர்ப் பக்கம் கைகட்டி நின்ற நியாங்கோமா. நடுவில் பதிவாளர், அவர் கையில் கோப்பு. கோப்புக்கு வெளியே ஆணையின் நுனி தெரிந்தது. தேவா கீழே உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான்.

"இப்போது 'முன்' நிலையைக் காண்பீர்கள்," என்று பதிவாளர் ஒலிபெருக்கியைப் பூமாலையிடம் நீட்டினார்.

பூமாலை மூச்சை இழுத்துக்கொண்டாள். ஆணையின் நுனியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்கம்மா என்று அவள் தலையை ஆட்டினாள். பூமாலை வாயைத் திறந்தாள்.

"நியாங்கோமா!"

மெஸ்ஸில் கூப்பிடுகிற அதே குரல். பின்வரிசைப் பெண்கள் யார் தோசை வெந்தது என்று பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிவாளருக்கு முகம் வெளுத்தது. "முதலில் தவறாக," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தவறாகச் சொல்லுங்கள்!"

பூமாலை கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டையும் வெயிலையும் ஒட்டிய பட்டியலையும் நினைத்துக்கொண்டாள். உண்மையாகவே முயன்றாள். "நா" என்று ஆரம்பித்தாள். எங்கோ ஒரு ஊரில் இதே முகத்தோடு இன்னொரு பெண் நிற்பது போல இருந்தது.

"நியாங்கோமா," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"தோசையம்மா! இரண்டு வருடம் தவறாக வந்ததே, இப்போது மட்டும் என்ன?"

"அப்ப தெரியாது சார். இப்ப தெரியும். தெரிஞ்சிக்கினே எப்படி சார் சொல்றது? வாய் வர மாட்டேங்குது."

குழுத் தலைவர் முன்னால் குனிந்து அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், உன் பெயரை இவர் சரியாகச் சொல்கிறாரா என்று கேட்டார். சரியாகத்தான் சொல்கிறார் என்றாள் அவள். பிறகு என்னதான் புகார் என்று பதிவாளர் பக்கம் திரும்பினார்.

பதிவாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஐயா, சரியாகச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். தவறிலிருந்து சரிக்கு அழைத்துச் செல்வதே எங்கள் மையத்தின் பணி. தவறு இல்லாத இடத்தில் நாங்கள் யாரை, எங்கிருந்து அழைத்துச் செல்வது?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காந்திமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்," என்று கெஞ்சினார். பூமாலைக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. மூன்றாவது தடவையும் முயன்றாள். அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"நியாங்கோமா," என்றாள். இந்தத் தடவை அழுதுவிட்டாள். எதிரே அந்தப் பெண்ணும் அழுதாள்.

பதிவாளர் ஆணையின் நுனியை விரலால் உள்ளே தள்ளினார். கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினார். பிறகு தேவாவின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"எழுதிக்கொள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்று வாய்ப்புகள் வழங்கப்பட்டன. மூன்றிலும் பெயரைச் சரியாகவே உச்சரித்தார். திருந்த மறுக்கிறார்."